ரயில் தும்மத்தான் செய்யும்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு, மழை விட்ட மாலை.

அன்பு மகள் துளசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தம்பி ஷர்வின், என் சீன முதலாளி தவுக்கேயின் டயர் கடையில் என் மதியச் சோற்றில் தினமும் பங்கு கேட்கும் கறுப்பு நாய் வரைக்கும் எல்லாரும் நலம். அங்கே வெல்லிங்டனில் நீயும் நலமாக, காற்று தூக்கிக்கொண்டு போகாமல் தரையிலேயே நடமாட நம் மாரியம்மன் துணை நிற்பாள். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் பேசி அனுப்பலாம்தான். ஆனால் நான் அனுப்பும் குரல் பதிவை எல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் தம்பி காட்டிக்கொடுத்துவிட்டான். அவனே ஒன்றை ஓடவிட்டும் காட்டினான், பாசாரில் வாத்து பேரம் பேசுகிற மாதிரி இருந்தது. என் கையெழுத்தை அப்படி விரட்ட முடியாது, எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும். சொல்ல வந்த விஷயம் அப்படிப்பட்டது, மெதுவாகப் படி.

முதலில் வீட்டு நடப்பு. உன் அம்மாவின் முழங்கால் வலி முன்போலத்தான், படி ஏறும்போது ஒரு காலைத் திட்டுகிறாள், இறங்கும்போது இன்னொரு காலைத் திட்டுகிறாள், நடுவில் நான் அகப்பட்டால் என்னையும் சேர்த்துக்கொள்கிறாள், ஆகவே தெம்பு குறையவில்லை என்று வைத்துக்கொள். நியூசிலாந்தில் நிலம் ஆடியதாகச் செய்தியில் ஒரு வரி வந்தால் போதும், நீ போனை எடுக்கும்வரை இங்கே வீடு ஆடுகிறது. ஷர்வின் ஈப்போவில் அதே கூரியர் வேலையில்தான் இருக்கிறான். மோட்டார் சைக்கிளுக்குப் புதுப் புகைக்குழாய் மாட்டியிருக்கிறான், அவன் லகாட்டில் கிளம்பினால் சுங்கை சிப்புட்டில் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுகிறாள். (இது உயர்வு நவிற்சி. உன் புத்தகத்தைப் படித்ததில் பிடித்த வியாதி.) என்னைக் கேட்டால், ரப்பர் மரத்தடியில் பிறந்தவன் இப்போது ரப்பர் டயருக்கடியில் படுத்துக் கிடக்கிறேன், என் வாழ்க்கையில் நடந்த முன்னேற்றம் அவ்வளவுதான். நீ ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு வடிக்கச் சோம்பல் என்றால் ஒரு முட்டையாவது போட்டுக்கொள்.

இனி விஷயம். இங்கிலீஷ் படிக்கும் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நீ எழுதிய புத்தகத்தை, அச்சுக்குப் போகுமுன் பார்க்கட்டும் என்று தம்பிக்கு அனுப்பியிருந்தாய் அல்லவா, அதை அவன் தாளில் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். உவமை, உருவகம், அணி, இலக்கணம் என்று ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ்காரன் வைத்த பெயர், அதற்கு எளிய விளக்கம், கீழே ஓர் உதாரணம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் படித்தேன். மூன்றாம் படிவத்தோடு நின்ற என் இங்கிலீஷ் பஞ்சர் என்று சொல்வதற்கும் பணம் வாங்கிக்கொண்டு தேங்க்யூ சொல்வதற்கும்தான் காணும். ஹைபர்போலி என்ற சொல்லைப் பார்த்து ஏதோ இத்தாலிக்காரன் டயர் கம்பெனி என்றே நினைத்தேன். ஆனால் அதற்குக் கீழே பார்த்தால், அடோய், நம் பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா உட்கார்ந்திருக்கிறார். "நான் மொளகா வறுத்தா சுங்கை சிப்புட் டேசன்ல நிக்கிற ரயிலு தும்மும்லா" என்று அவர் சொல்வதை அப்படியே இங்கிலீஷில் எழுதியிருக்கிறாய். பதில் வேண்டாத கேள்வி என்ற இடத்தில் கோயில் தலைவர் சீனி அண்ணன், "நான் இல்லேன்னா இந்தக் கோயிலு நடக்குமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார், இதற்கு யாரும் பதில் சொல்லிவிடக் கூடாது, சொன்னால் ஆபத்து என்று நீ கீழே ஒரு குறிப்பும் போட்டிருக்கிறாய். குத்தல் பேச்சுக்கு உன் அம்மா, வேலை முடிந்து தாமதமாக வரும் என்னைப் பார்த்து, "வாங்க தொரை, பங்களாவுல விருந்து முடிஞ்சிருச்சா?" குறைத்துச் சொல்லிப் பாராட்டுவதற்கு என்னையே பிடித்துப் போட்டிருக்கிறாய். மீன் குழம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்கள் அப்பா "சாப்பிடலாம்" என்பார், எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று எழுதியிருக்கிறாய். ஷர்வின் அதை அம்மாவுக்குப் படித்துச் சொன்னான். அவள் கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப இத்தன வருசமா பாராட்டத்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு என் தட்டில் தலைத்துண்டும் விழுந்தது வால்துண்டும் விழுந்தது.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் போன மாதம் நம் பழைய தோட்டத்துக் கோயிலில் திருவிழா நடந்தது. ரப்பர் போய்த் தோட்டமே செம்பனையாகிவிட்டாலும், தாமான் வீடுகளுக்குக் குடிவந்த நாங்கள் வருஷா வருஷம் அங்கேதானே போகிறோம். பூஜை முடிந்ததும் உபயக்காரர்கள் பெயரை மைக்கில் வாசிக்கும் வேலை எப்போதும்போல எனக்குத்தான், காற்றடிக்கும் இயந்திரத்தோடு போட்டிபோட்டுக் கத்திப் பழகிய தொண்டை என்பதால். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் அடுத்த திருவிழா வரைக்கும் முகம் கொடுத்துப் பேசாது என்பது உனக்குத் தெரியும், அதனால் ஒன்று விடாமல் ஒழுங்காகத்தான் வாசித்தேன். வாசித்து முடித்த பிறகு மைக்கைக் கீழே வைக்க மனம் வரவில்லை. "மேலும், நம் துளசி எழுதி வெளிநாட்டில் வெளிவரவிருக்கும் ஆங்கிலப் புத்தகத்தில் இடம்பெற்றிருப்பவர்கள்" என்று ஆரம்பித்து, நல்லம்மாள், சீனி, உன் அம்மா புனிதா என்று உபயக்காரர்கள் பெயரை வாசித்த அதே ராகத்தில் வாசித்துவிட்டேன். கூட்டம் கை தட்டியது. பூசாரி இவர்களும் ஏதோ பெரிய உபயம் செய்தவர்கள் என்று நினைத்து நல்லம்மாள் அக்காவை முன்னால் கூப்பிட்டு அம்மன் கழுத்து மாலையை எடுத்துப் போட்டுவிட்டார். அக்கா அந்த மாலையைக் கழற்றாமலே சாப்பிட்டார், கழற்றாமலே பஸ்ஸில் ஏறினார். சாப்பாட்டுப் பந்தியில் என் கூட்டாளி ஐயாவு என் காதில் வந்து, "ஒரு மூட்ட அரிசி தாரேன் மச்சான், நம்ம பேரையும் எங்கயாச்சும் ஒரு ஓரமா போடச் சொல்லுலா" என்றான். அது அப்படி இல்லடா என்று விளக்கினேன். "சரி, ரெண்டு மூட்ட" என்றான்.

வினை இரண்டு நாளில் வந்தது. நல்லம்மாள் அக்காவின் பேத்தி பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைப் படித்திருக்கிறாள் போல, ஹைபர்போலி என்றால் இருப்பதைப் பெரிதாக்கிச் சொல்வது பாட்டி என்று சொல்லிவிட்டாள். அக்கா நேராக டயர் கடைக்கு வந்தார். நான் ஒரு லாரிக்கடியில் இருந்தேன், வெளியே என் கால் மட்டும்தான் தெரிந்தது, அந்தக் காலைப் பார்த்தே ஆரம்பித்தார். "ஏன் ஜெயபாலு, ஊரு முன்னால மாலையும் போட்டுட்டு உள்ளுக்குப் பொய்க்காரின்னு எழுதி வச்சிருக்கீங்களா? ரயிலு தும்முனது பொய்யா? அன்னிக்கு ரயிலு கார்டு எறங்கி வந்து என்னாக்கா வாசம்னு கேக்கல?" என்றார். அரைகுறைத் தமிழ் தெரிந்த தவுக்கே சமாதானம் பண்ணுகிறேன் என்று, "பெத்துல் அக்கா, நெசம்தான், ரயில் தும்மிச்சி, நான் கூட கேட்டேன்" என்று சத்தியம் பண்ணினார். எடுபடவில்லை. அன்றிலிருந்து அக்கா வீட்டு மிளகாய்த்தூள் நம் வீட்டுக்கு வருவது நின்றது. அம்மா என்னோடு பேசுவதும் பாதி நின்றது, ஏனென்றால் அந்தத் தூள் இல்லாமல் அவள் மீன் குழம்பு "சாப்பிடலாம்" என்ற அளவுக்கு வராது என்பது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் போன வாரம் நீ அம்மாவிடம் பேசினாய். பதிப்பகத்துப் பெண்மணி உதாரணங்கள் எல்லாம் மிகவும் உள்ளூராக இருக்கின்றன, எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி மாற்றித் தாருங்கள் என்று கேட்டதாகவும், மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும் என்றும் சொன்னாயாம். ரயில் போய் அந்த இடத்தில் ஒரு குதிரையையே தின்றுவிடும் பசி என்பது வருமாம். ரப்பர் மரத்தில் கட்டிய மங்கில் நிறைந்த பால்போல வெள்ளை என்று நீ எழுதியது போய் ஸ்னோ மாதிரி வெள்ளை என்று வருமாம். அம்மா ஏதோ கேட்க வாயெடுத்ததும், "விடுங்கம்மா, அவங்க தப்பா ஒண்ணும் சொல்லல, மொதல்ல புத்தகம் வரட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். நான் அப்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடுவதை விட்டுவிட்டு நின்றேன்.

சரி, கெட்டதில் ஒரு நல்லது, நல்லம்மாள் அக்காவோடு ராசியாகிவிடலாம் என்று மறுநாள் போய், "அக்கா, இனிமே கவலப்படாதீங்க, ஒங்க பேரு வராது, எடுத்துடப் போறாங்க" என்றேன். குளிர்ந்துவிடுவார் என்று பார்த்தால் அவர் முகம் போன போக்கை நான் என்னவென்று எழுதுவது, உன் புத்தகத்தில் அதற்கு ஒரு சொல் இருந்தால் எனக்கு எழுது. "எடுக்கிறதா? எவ எடுக்கிறது? மைக்குல சொன்ன பேரை நடுவுல அடிக்கிற வழக்கம் எந்தக் கோயில்ல இருக்கு?" என்றார். அதற்குப் பதில் என்ன வருகிறது என்று கேட்டார். குதிரையைத் தின்கிற பசி என்று சொன்னேன். "குதிரையைத் திம்பாங்களாம், அது ஆகுமாம், ரயிலு தும்முனா ஆகாதாம்!" என்று வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு குரலை இறக்கி, "ஜெயபாலு, கேளு. சின்ன வயசுல பெரட்டுல கிராணி கூப்பிட்டான், அப்ப எம் பேரு கேட்டுச்சு. கோயில்ல நீ கூப்பிட்ட. வேற எங்க எம் பேரு கேட்டிருக்கு? புத்தகத்துல வரும்னு நெனச்சேன்" என்றார். விடியுமுன் தோட்டத்துக் கிராணி பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எண்ணும் அந்தப் பெரட்டுக் களத்தில் அவர் நின்றதை நானும் பார்த்தவன். அவர் தொடர்ந்தார். "ரயிலு தும்மல. சரியா? ஒத்துக்கறேன். பெரிசாக்கித்தான் சொன்னேன். இப்ப போடச் சொல்லு."

துளசி, அந்த மனுஷி வாழ்நாளில் எதையும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. வண்டியைக் கொண்டுபோய் மரத்தில் மோதியபோதுகூட மரம்தான் குறுக்கே வந்தது என்றவர். அவர் ரயிலையே விட்டுக்கொடுத்துவிட்டார். நீ என்னத்தை விட்டுக்கொடுக்கப் போகிறாய் என்று யோசி.

பதிப்பகத்துப் பெண்மணியை நான் குறை சொல்லவில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், விற்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார், நியாயம்தான். என் தவுக்கேயும் புது அளவு டயர் வாங்க இப்படித்தான் பயப்படுவார். ஆனால் ஸ்னோ விஷயத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், நீ மறக்கவில்லை என்பதால்தானே அந்த வரியை எழுதினாய். மூன்றாம் படிவத்தில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னார். இதுபோல வெள்ளை, எதுபோல? எழுத வேண்டியது ஸ்னோ, மனப்பாடம் பண்ணியும் கொடுத்திருந்தார். நான் அன்று காலையில்தான் எங்கள் அப்பாவோடு மரத்துக்குப் போய் மங்கைத் தூக்கிப் பால் ஊற்றிவிட்டு வந்திருந்தேன், சிரட்டை அளவு மங்கு நிறையத் தளும்பி நிற்கும் அந்த வெள்ளையைவிட வெள்ளையாக நான் எதையும் பார்த்ததில்லை. அதை எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார், தாள் கிழிந்தது. வகுப்பு சிரித்தது, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், எனக்கு எப்போதும் அதுதானே வழக்கம். வாத்தியார் மட்டும் ஸ்னோவைக் கண்டாரா என்ன, அவர் சித்தியவான்காரர், அவர் கண்ட குளிர் ஐஸ் பெட்டியில் மீன் வைக்கிற குளிர். நீ அந்த வரியை உன் புத்தகத்தில் போட்டிருந்ததைப் பார்த்தபோது நான் டயர் கழற்றும் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன், மற்றதைத் தவுக்கேயிடம் கேட்டுக்கொள். அன்றைக்கு அடித்தவர் வாத்தியார். அதே கோட்டை இன்றைக்கு நீ உன் கையால் அடிக்காதே அம்மா.

புரியாதாம். எங்களுக்கு ஸ்னோ புரியவில்லையா? பார்க்காமலே புரிந்துகொண்டோம், வெள்ளையாக இருக்கும், குளிரும், பாட்டுப் பாடுவார்கள் என்று. அதுபோல அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் மங்கைப் பார்க்காமலே புரிந்துகொள்ளட்டும், நம் பிள்ளைகளைவிட அவர்களுக்கு மூளை குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் மங்கு என்றால் என்ன என்று கீழே ஒரு வரி எழுது. ஸ்னோ என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் ஒரு வரி எழுதவில்லை, பரவாயில்லை, நாம் கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்களாக இருந்துவிட்டுப் போவோம். நீயே என்னிடம் சொன்னாய், வெல்லிங்டனில் ஸ்னோ விழுவதில்லை, பார்க்க வேண்டுமென்றால் மலைப்பக்கம் போக வேண்டும், நான் இன்னும் போகவில்லை என்று. நானும் பார்க்கவில்லை நீயும் பார்க்கவில்லை, பிறகு எதற்கு அதற்கு இவ்வளவு உபசாரம்?

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் புத்தகம், எத்தனை இடத்தில் கேட்டு இந்த ஓர் இடத்தில் சரி என்றார்கள், இதுவும் போய்விட்டால் என்று நினைக்கிறாய். போனால் போகட்டும் என்று இங்கே டயரடியில் படுத்துக்கொண்டு சொல்வது எனக்கு லேசு. இருந்தாலும் சொல்கிறேன், போனால் போகட்டும். முடியாது என்று எழுது. மரியாதையாக எழுது, டியர் எல்லாம் போடு, ஆனால் முடியாது என்பதை நடுவில் ஒளித்துவைக்காமல் முதல் வரியிலேயே எழுது. அவர்கள் வேண்டாம் என்றால் ஈப்போவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை இருக்கிறது, அங்கே அடிப்போம். அட்டையில் தேங்காயும் கலசமும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் பிரதியைக் கோயிலில் வைத்துப் பெயர்களை மறுபடி மைக்கில் வாசிப்போம். சீனி அண்ணனிடம் இதைச் சொன்னேன். "நான் இருக்கும்போது நம்ம புள்ள புத்தகம் வராமப் போயிருமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, உன் குறிப்பின்படி.

இந்தக் கடிதத்தை ஷர்வின் தன் கூரியர் வழியாகவே அனுப்புகிறான், மாதக் கடைசிக்கு முன் உன் கைக்கு வந்துவிடும். கூடவே ஒரு பொட்டலம் வருகிறது. நேற்று நல்லம்மாள் அக்கா கொண்டுவந்து கொடுத்தார், உனக்கென்று தனியாக வறுத்து அரைத்தது. சுங்கத்தில் கேட்டால் மிளகாய்த்தூள் என்று ஒளிக்காமல் சொல். உன் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ரயில் நிலையம் என்றாய், ஜன்னலைத் திறந்துவைத்துத் தாளித்துப் பார், என்ன நடக்கிறது என்று எழுது, அக்கா கேட்கச் சொன்னார். ஒத்துக்கொண்டதை அவர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

காலுறை போடாமல் வெளியே போகாதே. அம்மாவுக்குப் போன் பண்ணும்போது அவசரமாக வைக்காதே, அவள் வைத்த பிறகு நீ வை. யாருக்கும் தலை குனியாத எழுத்தும், தலை வலிக்காத உடம்பும், உன்னைப் புரிந்த நாலு மனிதரும் உனக்கு என்றும் அமைய வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம்.

அப்புறம் ஒன்று. படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கப்பா என்று கேட்டிருந்தாய், நான் இதுவரை பதில் சொல்லவில்லை. நேற்றுதான் கடைசிப் பக்கம் முடித்தேன், முடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.

படிக்கலாம்.

இப்படிக்கு,
உன் புத்தகத்தில் இருக்கிற, இருக்கப்போகிற
அப்பா ஜெயபாலன்